வளைவில் திரும்பாத நீலம்

அத்தியாயம் ஐந்து

"இந்தப் பெயின்ட் அழுதிருக்கு பளீல்," என்றாள் இராஜகுமாரி.

பொலிஸ் நிலையத்தின் பின்முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்த லொறியின் முன்னால் அவள் குந்தி, கால் மணி நேரமாகிவிட்டது. முன் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பெயின்ட் காய்ந்திருந்தது. காவலுக்கு விடப்பட்டிருந்த கான்ஸ்டபிள் இரண்டு முறை கொட்டாவி விட்டுவிட்டு நிழலுக்குப் போய்விட்டான்.

பளீல் குனிந்து பார்த்தான். "லொறிக்காரன் ரிமாண்ட்ல ஈக்கிறான். அவனுக்காக அழ இதாவது ஈக்கட்டும் மிஸ்."

இராஜகுமாரி கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் பத்தொன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். விளங்காமல் பாடமாக்கும் பிள்ளைகளை அவள் மன்னிப்பாள். விளங்காமல் படிப்பிக்கும் ஆசிரியர்களை மன்னிக்கமாட்டாள். அந்த இளக்காரம் ஒருநாள் அதிபர்வரை போனது. அடுத்த மாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் விசாரணை அலுவலகம் திறந்தாள். அங்கே இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, ஒரு பளீல். பளீல் முன்பு காப்புறுதி விற்றவன். மற்றவர்களின் சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசிப் பழகிய வாய்.

பதினொரு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்று முன், அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு இறங்கும் சரிவில் மூக்கையா என்ற ஐம்பது வயது போர்ட் எழுதும் பெயின்டர் இரத்தத்தோடு வீதியோரம் கிடந்தார். அம்பிட்டியவில் மரக்கறி இறக்கிவிட்டு வந்த கம்பளை லொறிச் சாரதி வீரையா அவரைத் தூக்கி முன் சீற்றில் சாய்த்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே காத்திருந்தார். அடுத்த நாள் பொலிஸ் வந்து வீரையாவையே பிடித்துக்கொண்டு போனது. மோதியவனே பயத்தில் தூக்கி வந்திருக்கிறான் என்றார்கள். அவருடைய மனைவி இரத்தினம்மா இராஜகுமாரியின் மாடிப்படியில் உட்கார்ந்து, "அன்னைக்கு நிக்காம வந்திருந்தா இன்னைக்கு வீட்டுல இருந்திருப்பாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீரையாவுக்கு எதிராக இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, இந்தப் பம்பர் பெயின்ட். மூக்கையா கையில் வைத்திருந்த டின்னிலும் இதே நீலம்தான். மற்றது, நேரில் கண்ட சாட்சி. அந்தச் சாட்சியின் பெயர் அழகமுத்து.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனைவரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் அழகமுத்துவின் முகம் இருக்கும். அதன் கீழே 'பௌதிகப் புயல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். தான் நகரத்திலிருந்து வேனில் அந்த மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்ததாகவும், எதிரே நடந்து இறங்கிய மூக்கையாவை லொறி பின்னாலிருந்து அடித்ததைக் கண்டதாகவும் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அது போதாதென்று லொறியின் கதியையும் கணக்குப் போட்டு, கையெழுத்து வைத்து, ஒரு தாளில் பொறுப்பதிகாரியிடம் கொடுத்திருந்தார். மணிக்குத் தொண்ணூற்று நாலு கிலோமீற்றர். பொறுப்பதிகாரி அந்தத் தாளைப் பைலில் முதல் பக்கமாக வைத்திருந்தார். இவ்வளவு சமன்பாட்டைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும்.

இராஜகுமாரிக்கு வரவில்லை. இரத்தினம்மாவின் சட்டத்தரணி எடுத்துத் தந்த பிரதியை அவள் முதல் நாளே வாசித்திருந்தாள். சரிவில் இறங்கும் வண்டியைப் பூமி தன் முழுப் பலத்தோடு இழுப்பதில்லை. சரிவு எவ்வளவோ அந்தளவு பங்கு மட்டும்தான். அழகமுத்து அந்தப் பங்கைப் பிரிக்கவே இல்லை. ஈர்ப்பின் முழு ஒன்பது தசம் எட்டையும் தூக்கி அப்படியே போட்டிருந்தார்.

"இந்த ஆளோட கணக்குப்படி லொறி அம்பிட்டிய ரோட்டால வரல்ல," என்று அன்றைக்குச் சொன்னாள். "ஆகாசத்துல இருந்து விழுந்திருக்கு."

"நல்ல வேளை, மரக்கறிய இறக்கிட்டான். இல்லாட்டி எல்லாம் சம்பல்தான்," என்றான் பளீல்.

இப்போது பம்பருக்கு வந்தாள். நீலம் மேலே தடிப்பாக இருந்தது. அங்கிருந்து ஏழெட்டுக் கோடுகள் நேர்கீழாக ஒழுகி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மணி திரண்டு காய்ந்திருந்தது. அவள் விரலை அந்தக் கோடுகளின் மேல் வைக்காமல் காற்றில் ஓட்டிக் காட்டினாள்.

"ஓடுற லொறியில டின் மோதினா பெயின்ட் சிதறும். காத்து அதை ரேடியேட்டர் பக்கமா மேல தள்ளும். அதுக்குப் பிறகு இவர் மூணு மைல் வளைஞ்சு வளைஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கார். ஈரப் பெயின்ட் எல்லாப் பக்கமும் இழுபட்டிருக்கணும். இதைப் பாரு, தூக்குக் குண்டு பிடிச்ச மாதிரி இறங்கியிருக்கு."

"நிண்ட லொறி," என்றான் பளீல்.

"நின்ன லொறி. பெயின்ட் பட்டபோதும் நின்னது, காயிற வரைக்கும் நின்னது."

அன்று முழுநாளும் இரவும் லொறி ஆஸ்பத்திரிப் பக்கத்து வீதியில்தான் நின்றதென்றும், அடுத்த நாள் காலைதான் பொலிஸ் எடுத்து வந்ததென்றும் கான்ஸ்டபிளிடமே பளீல் சிங்களத்தில் சிரித்துப் பேசிக் கேட்டுக்கொண்டான். அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரோ ஒருவர் வந்து, நின்ற லொறிக்கு நீலம் பூசிவிட்டுப் போயிருக்கிறார்.

அங்கிருந்து நேரே அம்பிட்டியவுக்குப் போனார்கள். இராஜகுமாரியின் மொரிஸ் மைனர் காருக்கு அவளுடைய பிடிவாதம் இருந்தது. ஏற்றத்தில் இரண்டாம் கியரை விட்டு அசையாது. சம்பவம் நடந்த வளைவுக்கு மேலே காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடந்தார்கள். ஒரு பக்கம் மண் அணை, இறங்கும் பக்கத்தில் புல்லும், மழைநீர் ஓடும் காணும். கீழே வளைவு வலப்பக்கமாகத் திரும்பியது.

முதல் பொட்டைக் கண்டது பளீல்தான். தாரில், இறங்கும்போது இடது ஓரமாக, ஐந்து சதக் காசு அளவில் ஒரு நீலப் பொட்டு. மழை இரண்டு தரம் பெய்தும் எனமல் பெயின்ட் அப்படியே பிடித்திருந்தது. பொட்டுக்கு ஒரு சின்ன வால். வால் கீழ்நோக்கி நீண்டிருந்தது. இறங்கிப் போன ஒன்றிலிருந்து விழுந்த சொட்டு.

"சரிதானே மிஸ். மூக்கையா இறங்கித்தான் நடந்தாரு. டின் ஒழுகியிருக்கு."

"அடுத்த பொட்டு எங்க?"

பளீல் எட்டு வைத்து நடந்தான். எட்டாவது எட்டில் அடுத்த பொட்டு. அதற்கடுத்தது இன்னும் எட்டு எட்டில். மொத்தம் பதினொரு பொட்டுகள், வளைவுவரை, ஒன்றுக்கொன்று ஒரு சாண்கூட வித்தியாசமில்லாமல்.

"எட்டு எட்டுக்கு ஒரு பொட்டு," என்று மூச்சு வாங்கச் சொன்னான். "எங்கட உம்மா துணி தைச்சாக்கூட இவ்வளவு ஒழுங்கா வராது."

இராஜகுமாரிக்குப் பாடசாலை ஆய்வுகூடம் நினைவுக்கு வந்தது. ஓடும் தள்ளுவண்டியின் பின்னால் ஒரு நாடாவைக் கட்டி, அதில் சீரான நேரத்துக்கொரு முறை புள்ளி விழவிடுவார்கள். வண்டி வேகமாகப் போனால் புள்ளிகள் விலகி விழும், மெதுவானால் நெருங்கி விழும், சமமாக விழுந்தால் வண்டியின் கதி மாறவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். இங்கே அம்பிட்டிய வீதியே நாடா.

பொட்டுகள் வளைவில் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வீதியில் ஒரு துளியும் இல்லை. ஆனால் கடைசிப் பொட்டிலிருந்து ஒரு நீல நாக்கு நீண்டு கிடந்தது. வீதி வலப்பக்கம் திரும்ப, அந்த நாக்கு திரும்பவில்லை. வந்த திசையிலேயே நேராகப் புல்லுக்குள் போய்க் காணின் விளிம்பில் முடிந்தது. பளீல் காணுக்குள் இறங்கி, சேற்றுக்குள்ளிருந்து ஒரு டின்னை எடுத்தான். அடி மடிப்பில் ஊசித் துளையளவு ஓட்டை.

சாட்சியே லொறியையும் ஆளையும் கையில் பிடித்துக் கொடுத்த பிறகு, காணுக்குள் யார் இறங்கிப் பார்ப்பார்கள்?

பிறகு நடந்ததைப் பளீல் வாழ்நாளில் மறக்கமாட்டான். இராஜகுமாரி நகரத்துக்குத் திரும்பி அதே பெயின்டை வாங்கினாள். டின்னைக் கழுவி, ஓட்டையை ஊசியால் சுத்தம் செய்து, பாதிவரை நிரப்பி, காரின் இடப்பக்க யன்னலால் வெளியே பிடிக்கச் சொல்லி அவனிடம் கொடுத்தாள். சரிவில் இருபது மைல் கதியில், முள் அசையாமல் இறங்கினாள். பளீலின் வெள்ளைச் சேட்டின் கை நீலக் கையாகியது.

கீழே நிறுத்திவிட்டு ஈரப் பொட்டுகளை அளந்தார்கள். பொட்டுக்குப் பொட்டு நான்கு எட்டு.

"இருபது மைலுக்கு நாலு எட்டு. எட்டு எட்டுன்னா?" என்று கேட்டாள்.

"நாப்பது மைல்." பளீல் தன் சேட்டைப் பார்த்துக்கொண்டான். "அப்ப மூக்கையா நாப்பது மைல் கதியில நடந்திருக்காரு. இந்த ஆளை நாங்க ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கோணும் மிஸ்."

நடக்கிற மனிதனின் டின் அரை எட்டுக்கு ஒரு பொட்டு வைத்திருக்கும். மூக்கையா நடக்கவில்லை. ஏதோ ஒரு வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து, டின்னை வெளியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வண்டி வளைவில் கதியைக் குறைக்காமலே திரும்பியிருக்கிறது. வண்டி திரும்பியது, டின் திரும்பவில்லை, மூக்கையாவும் திரும்பவில்லை. வீரையா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வண்டி யாருடையது என்று ஊகிக்க இராஜகுமாரிக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. மூக்கையா இரவிரவாக இருந்து அன்று காலை அம்பிட்டியவில் எழுதி முடித்த போர்ட் அழகமுத்துவின் புதிய டியூஷன் வகுப்புக்கு. அன்று அந்த வீதியில் வேனில் போனேன் என்று தானாகவே சொன்னவரும் அழகமுத்துதான். ஊகம் சரி, ஆதாரம் இல்லை. ஆனால் மூக்கையாவுக்கு நினைவு திரும்பி ஒரு வாரமாகிறது. அவர் வாய் திறந்தால் போதும்.

பகல் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இடது காலில் மாவுக்கட்டு, தலையில் கட்டு. மூக்கையா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இராஜகுமாரி தான் யாரென்று சொல்லி, எந்த வண்டியில் வந்தீர்கள் என்று கேட்டாள்.

"நான் நடந்துதாம்மா வந்தேன். லொறி வந்து அடிச்சிருச்சு. பொலிசுலயும் சொல்லிட்டேன்."

டின் எந்தக் கையில் இருந்தது என்று கேட்டாள். வலது என்றார். கொஞ்சம் பொறுத்து இடது என்றார். பிறகு ஞாபகமில்லை என்றார். உங்களைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் ரிமாண்டில் இருக்கிறார், தெரியுமா என்று கேட்டாள். மூக்கையா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள் விழிகள் அசைந்தன.

இராஜகுமாரி விடுவிடென்று வாசலுக்கு வந்துவிட்டாள். பளீல் கொஞ்சம் பிந்தி வந்தான். கட்டிலோரத்து மேசையில் தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில் ஒரு வகுப்பு அட்டையைப் பார்த்ததாகச் சொன்னான். பௌதிகப் புயலின் அட்டை. குறுக்கே சிவப்பு மையில் 'பரீட்சை முடியும்வரை இலவசம்' என்று எழுதி, அழகமுத்துவே கையெழுத்து வைத்திருந்தார். திகதி ஐந்து நாளைக்கு முந்தியது. ஆளுக்குப் பிள்ளை ஒன்று அங்கே படிக்கிறது போலிருக்கிறது என்றான்.

"ஒரு மனுசனை ஒரு அட்டைக்கு வித்துட்டாரு," என்றாள். அழகமுத்து மீது இருந்த வெறுப்பில் ஒரு பங்கு இப்போது மூக்கையாவுக்கும் போனது.

"அவருக்கு அது அட்டை இல்ல மிஸ்," என்றான் பளீல். முதல் தடவையாக அவன் குரலில் பகிடி இல்லை. "யுனிவர்சிட்டி."

அவள் காரை எடுத்தாள். அன்று சனிக்கிழமை. இரண்டு மணிக்கு அழகமுத்துவின் பெரிய வகுப்பு.

தகரக் கூரை போட்ட நீண்ட மண்டபம். இருநூறு பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். மேடையில் மைக்கோடு அழகமுத்து, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டில். அவர் சொல்ல, பிள்ளைகள் எழுத, இடையில் ஒருவரும் நிமிரவில்லை. ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியை, ஒரு சந்தேகம் கேட்க வந்திருக்கிறார் என்று பளீல் துண்டுச் சீட்டு அனுப்பினான். அழகமுத்துவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவளை மேடைக்கு அழைத்து, அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு இந்தக் காலத்துப் பௌதிகவியல் கஷ்டம்தான், வெட்கப்படாமல் கேளுங்கள் என்று மைக்கில் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இராஜகுமாரி வெட்கப்படாமல் கேட்டாள்.

"ஒரு வேன் நேரா வருது சேர். வேன்ல ஒரு டின் இருக்கு. ஒரு வளைவுல வேன் கதியைக் குறைக்காம வலப்பக்கம் திரும்புது. டின் எந்தப் பக்கம் போகும்?"

வேன் என்றதும் அழகமுத்துவின் கண் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் இருநூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோக்கை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வளைவு கீறினார். வளைவிலிருந்து செங்குத்தாக, நேரே இடப்பக்கம் பார்த்து ஓர் அம்பு போட்டார். மையநீக்க விசை டின்னை இடப்பக்கமாகத் தூக்கி எறியும், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அம்பின் கீழே இரண்டு கோடு போட்டார். இருநூறு பேனைகள் ஓடின.

இராஜகுமாரி வாயின் ஓரத்தால் சிரித்தாள். கிழக்குப் பக்கத்தில் சூரியன் மறைகிறது என்று சொன்னாலும் இந்தப் பேனைகள் ஓடும். வேறு விடை யாருக்காவது இருக்கிறதா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். கேட்டாளே தவிர, எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் வரிசையில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"டின்னை இடப்பக்கம் ஒருத்தரும் தள்ளல்லயே சேர். அது வந்த வழியிலயே நேராத்தான் போகும். வேன்தான் அதை விட்டுட்டுத் திரும்பிப் போகுது."

அழகமுத்து சிரித்தார். இலவச அட்டையில் வருகிறவர்கள் இலவசமாகப் புது விதியும் கொண்டு வருகிறார்கள் என்று மைக்கில் சொன்னார். மண்டபம் சிரித்தது. அந்தப் பெண்ணின் முகம் கறுத்தது. ஆனால் உட்காரவில்லை. கணக்கில் ஏதோ ஒன்று இடறியதுபோல யோசித்துக்கொண்டே நின்று, இராஜகுமாரியைப் பார்த்தாள்.

"மிஸ், கேள்வியில ஒண்ணு குறையுது. டின் வேனுக்குள்ள இருந்தா வெளிய போகாது. வேனோட பக்கத்துல முட்டி நின்னுடும். கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததான்னு நீங்க சொல்லல்ல."

இராஜகுமாரி வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்ட பிள்ளைகளை அவள் ஒரு கை விரலில் எண்ணிவிடுவாள். அவள் வாய் திறப்பதற்கு முன் அழகமுத்து எரிச்சலோடு மேசையில் தட்டினார். தன் அம்பை ஒரு போர்ட் எழுதுகிறவனின் மகள் திருத்துவதை அவரால் தாங்க முடியவில்லை.

"கதவு திறந்துதான் இருந்தது! பெயின்ட் மணத்தோட எவன் கதவைச் சாத்திக்கொண்டு வேன் ஓட்டுவான்?"

மைக் அதை மண்டபத்தின் கடைசிப் பெஞ்சுவரை கொண்டுபோனது.

"நான் டின்னுன்னுதான் சொன்னேன் சேர்," என்றாள் இராஜகுமாரி. "என்ன டின்னுன்னு சொல்லல்ல."

அழகமுத்துவின் கை மைக்கின் பொத்தானைத் தேடியது. அதற்குள் மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வந்தது, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி.

"எங்கப்பா உங்க வேன்லயா வந்தாரு சேர்?"

இராஜகுமாரி திரும்பிப் பார்த்தாள். இலவச அட்டை என்று காதில் விழுந்தும், இவள்தான் மூக்கையாவின் பிள்ளை என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அழகமுத்துவின் முகத்திரையை இருநூறு பேர் முன்னால் கிழிக்க வந்தவள், தன் கேள்வி போய் எங்கே பட்டிருக்கிறது என்று இப்போதுதான் கண்டாள்.

வகுப்பு முடிந்தது என்றார் அழகமுத்து. யாரும் எழுந்திருக்கவில்லை. மேடையின் பின்னால் இருந்த சிறிய அறைக்குள் இராஜகுமாரியைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாம் சொன்னார். சீற் கவர் புதியது என்பதால் டின்னைக் கதவுக்கு வெளியே பிடிக்கச் சொன்னாராம். எட்டு மணிக்கு நகரத்தில் வகுப்பு என்பதால் அவசரமாம். ஆள் விழுந்தது வளைவு தாண்டித்தான் தெரிந்ததாம். நிறுத்திவிட்டு நடந்து வந்தபோது லொறிக்காரன் தூக்கிக்கொண்டிருந்தானாம். பயந்துவிட்டாராம். தன் பெயரை நம்பி இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

"பயத்துல பொய் சொல்றவங்களை எனக்கு விளங்கும்," என்றாள் இராஜகுமாரி. "ஆனா அன்னைக்குச் சாயந்தரம் நீங்க மிச்சப் பெயின்டை எடுத்துக்கிட்டு, நிதானமா ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த லொறி பம்பர்ல ஊத்தியிருக்கீங்க. அது பயம் இல்ல. அதுலயும் பிழை விட்டிருக்கீங்க. ஓடுற லொறிக்கும் நிக்கிற லொறிக்கும் வித்தியாசம் தெரியாம."

அழகமுத்து பம்பரைப் பற்றி ஒன்றும் தெரியாதென்றார். வெளியே நின்ற அவருடைய வேனின் பின் சீற்றுக்கு அடியில் பாதி குறைந்த இன்னொரு நீல டின்னைப் பளீல் ஏற்கெனவே கண்டிருந்தான். அதைத் தொடாமல், முன் வாசலில் நின்று பொலிசுக்கு ஆளனுப்பியிருந்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் சுந்தரி. ஆஸ்பத்திரிவரை மொரிஸ் மைனரின் பின் சீற்றில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். பளீலும் பேசவில்லை, அவனுக்கு அது பெரிய கஷ்டம்.

மூக்கையா மகளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். லொறிதான் அடித்தது என்று பழையபடி ஆரம்பித்தார். சுந்தரி தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"அப்பா, அந்த ஆளுக்குப் பௌதிகம் தெரியாது."

மூக்கையாவுக்கு முதலில் விளங்கவில்லை. மகளின் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விளங்கியது. ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பி, அதற்குப் பதிலாகத் தன் பிள்ளைக்கு என்ன வாங்கியிருக்கிறோம் என்பது விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பொலிஸ் சார்ஜன்ட் வந்து கொப்பியைத் திறந்தபோது, வேனில் ஏறியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். வழி முழுக்க அந்த லொறிக்காரர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் தன் தோளைத் தாங்கி, "கண்ணைத் திறந்து வச்சிருங்க அண்ணே, இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்ததையும் சொன்னார். அதை அவர் பதினொரு நாளும் மறந்திருக்கவில்லை.

சார்ஜன்ட் போன பிறகு, பிள்ளைக்கு இனி யார் படிப்பித்துக் கொடுப்பது, நீங்கள் செய்வீர்களா என்று இராஜகுமாரியிடம் கேட்டார். அவள் முடியாது என்றாள். இவளுக்கு ஓர் ஆள் தேவையில்லை, நல்ல புத்தகம் நாலு போதும் என்றாள். சுந்தரி தலையை ஆட்டினாள். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

வீரையாவை விடுதலை செய்யப் புதன்கிழமையாகிவிட்டது. விட்ட அன்றே பின்னேரம், வீட்டுக்கும் போகாமல், இரத்தினம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். இராஜகுமாரியும் பளீலும் வார்ட்டு வாசலில் நின்றார்கள். இனி என்ன நடக்குமோ என்று பளீல் முணுமுணுத்தான்.

மூக்கையா அவரைக் கண்டதும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். வீரையா கட்டிலோரமாக வந்து, பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கக்கத்திலிருந்து எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கால் செருப்பு இருந்தது, தேய்ந்த தோல் செருப்பு, இடது கால்.

"லொறியில கெடந்துச்சு," என்றார். "கால் ஆறினதும் தேவைப்படும்."

அதைக் கட்டிலுக்கு அடியில், மூக்கையா இறங்கினால் கால் படும் இடம் பார்த்து, நேராக வைத்தார்.